காபியை நிறுத்திய வாரத்தில் நான் கொன்ற மனிதர்

கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழைக்காலத்தில் மட்டும் இருமும் ஒரு ஜெராக்ஸ் மிஷின். வருமானச் சான்று, பட்டா மாறுதல், பான் கார்டு, பரீட்சை ஹால் டிக்கெட், காதுகுத்துப் பத்திரிகைக்கு எழுத்துப்பிழை பார்ப்பது வரை எல்லாம் நான் ஒருத்திதான். இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை என்று எதுவும் கிடையாது. எந்த வேலையையும் முழுதாகச் செய்ய விட மாட்டார்கள், அதுதான் கஷ்டம். ஒருவருக்கு வருமானச் சான்று பாதி தட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தலையை நீட்டி, "மேடம், ஒரே ஒரு ஜெராக்ஸ்தான்" என்பார். ஜெராக்ஸ் எடுக்க எழுந்தால் மூன்றாமவர் என் நாற்காலி அருகே வந்து தன் போனை நீட்டி, "இதுல ஓடிபி வந்திருக்கா பாருங்க" என்பார். வந்திருக்காது.

இத்தனையையும் பல வருஷம் சமாளித்தேன். ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் காபி. காலை ஐந்தரைக்கு முதலாவது. சமையலுக்கு நடுவில் இரண்டாவது. கடை திறந்ததும் மூன்றாவது. பிறகு எதிரே இருக்கும் டீக்கடையிலிருந்து நான்கு, ஐந்து, ஆறு. வீட்டுக்குப் போனதும் ஏழாவது. அது ஆசைக்கு இல்லை, அன்றைய பொழுதை மரியாதையாக முடித்துவைப்பதற்கு. இதை ஒரு பழக்கம் என்றே நான் நினைத்ததில்லை. "அந்தப் பொண்ணு ஒரே நேரத்துல நாலு வேலை பாக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அந்த நான்கில் மூன்றைக் காபிதான் பார்த்தது என்பது தெரியாமல் போயிற்று.

நெஞ்செரிச்சல் அதிகமாகி, திருவாரூரில் ஒரு டாக்டரிடம் போனோம்.

"காபி ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார்.

"ரெண்டுங்க டாக்டர்."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். கணவர் சுழலும் ஃபேனைப் பார்த்தார். "ஏழுங்க" என்று ஃபேனிடம் சொன்னார்.

"கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு ஒரு மாசத்துல நிறுத்திடுங்க" என்றார் டாக்டர். "நிறுத்திடுங்க" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. கணவர் காட்டிக்கொடுத்த கோபத்தில் இருந்தேன். மறுநாள் காலையிலேயே ஏழிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினேன்.

என் கணவர் விவசாயி, டீ குடிப்பவர். டீ குடிப்பவர்களுக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது. பாவம், அன்பாக ஒரு டம்ளரில் சுக்குமல்லி காபி போட்டுக் கொண்டுவந்தார். காபித்தூளைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு கஷாயத்துக்குக் காபி என்று பெயர் வைத்த ஆள் யாராக இருந்தாலும், அவர்மேல் போலி ஆவண வழக்குப் போடலாம்.

முதல் நாள் முழுக்கத் தலைவலி. நனைந்த நாற்றுக்கட்டு ஒன்றைப் பின்மண்டையில் இறக்கி வைத்த மாதிரி. இரண்டாம் நாள் தூக்கம். பிரிண்டர் காகிதம் துப்பும் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டேன். மூன்றாம் நாள் தலைவலி குறைந்தது. பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் வேறொன்று ஆரம்பித்திருந்தது. எந்த வேலையையும் தனியாகக் கொடுத்தால் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குப் போகும் இடத்தில்தான் கோளாறு. கை புது வேலைக்கு வந்துவிடும். புத்தி பழைய வேலையிலேயே உட்கார்ந்திருக்கும். அன்று மத்தியானம் கணவர் போன் செய்து, "சாப்பிட்டியா?" என்றார்.

"ஆதார் ஒரிஜினல் கொண்டு வரணும்" என்றேன்.

"சாம்பார்தான வச்சிருந்த?" என்றார்.

நான்காம் நாள்தான் கொலை நடந்தது.

சம்பா பயிருக்குக் காப்பீடு செய்யக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. காலையிலிருந்து மழை. கடையில் குடைகளும் ஈரத் துண்டுகளும் மஞ்சள் பைகளுமாக நிற்க இடமில்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் சிட்டா, அடங்கல், பேங்க் புத்தகம், ஆதார். இந்தக் கூட்டத்தில் வெள்ளை மீசை வைத்த ஒரு விவசாயியும் இருந்தார். பக்கத்துக் கிராமம், வருஷா வருஷம் என்னிடம் காப்பீடு போடுகிறவர். மீசைக்காரர் என்றே இனிமேல் அவரைச் சொல்கிறேன். அவருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவருடைய அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட வந்திருந்தார்.

காலமானவருக்கும் மீசைக்காரருக்கும் ஒரே பெயர். எங்கள் தாலுகாவில் அது அவ்வளவு சாதாரணமான பெயர். அப்பா பெயரையும் ஊரையும் வைத்துத்தான் ஆள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால் எனக்கு இது ஒரு விஷயமே இல்லை.

வாரிசுச் சான்றுக்குப் பாதி தட்டியிருந்தேன். நெட் நின்றது. அந்த இடைவெளியில் மீசைக்காரரின் காப்பீட்டைத் திறந்தேன். யாரோ ஜெராக்ஸ் கேட்டார்கள், எழுந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது நெட் வந்திருந்தது. மேஜையில் இரண்டு பைகளின் காகிதங்களும் கலந்து கிடந்தன. காபி குடித்த தலையாக இருந்தால், "இது யாருது?" என்று ஒரு நொடி நின்றிருக்கும். என் தலை அப்போது நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. இரண்டையும் தட்டி முடித்து, இரண்டு ஒப்புகைச் சீட்டையும் பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். இருவரும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழைக்குள் போனார்கள்.

மீசைக்காரர் தன் ஊர் டீக்கடையில் இறங்கி, நனையாமல் இருக்கிறதா என்று சீட்டை வெளியே எடுத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாங்கிப் படித்திருக்கிறார். "விண்ணப்பம்: வாரிசுச் சான்றிதழ். இறந்தவர்..." என்று ஆரம்பித்து மீசைக்காரரின் பெயர், அப்பா பெயர், ஊர், கதவு எண் எல்லாம் ஒரு பிழையில்லாமல் இருந்தது. எழுத்துப்பிழை விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பானவள்.

டீக்கடைக்காரர் அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் விளையாட்டாகப் போட்டார். விளையாட்டு என்பதைப் போட மறந்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து முதல் "ஆழ்ந்த இரங்கல்" வந்தது. பிறகு வரிசையாகக் கைகூப்பும் படங்கள். மீசைக்காரரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். தன் மருமகன் போட்டிருந்த நீளமான இரங்கல் செய்தியைப் படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறான் என்று அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வாசலில் நின்றார். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

"வாங்கய்யா, என்ன காலையிலயே?"

"செத்தவன் வந்திருக்கேம்மா. ஏதாவது பாத்து எழுப்பி விடு."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தின நாள் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்த தங்கை இரண்டு பஸ் மாறி, மாலையோடு அழுதுகொண்டு வந்து இறங்கியதாம். வாசலில் அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போடுவதைப் பார்த்ததும் அழுகை கோபமாக மாறி, மாலையை அவர் தலையிலேயே வீசியதாம்.

"பெரியவன் திருப்பூர்லேருந்து அவங்கம்மாவுக்கு போன் போட்டான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. அப்பா எப்படிப் போனாருன்னு கேப்பான்னு நானும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்னங்கய்யா கேட்டாரு?"

"பட்டா எந்தப் பெட்டியில இருக்குன்னு கேட்டான்."

நான் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

"அவ சொல்றா, 'ஒங்கப்பா பக்கத்துலதான் இருக்காரு, நீயே கேளு'ன்னு." சிரித்தார். அந்தச் சிரிப்பு மீசைக்கு மேலே போகவில்லை.

அவர் இருக்கும்போதே என் போன் அடித்தது. கண்ணாடிக்காரர். ரொம்பப் பணிவாகப் பேசினார்.

"அக்கா, எங்கப்பா பேர்ல சம்பாவுக்குக் காப்பீடு போட்டிருக்கீங்க. அவரு இப்ப பயிர் வைக்கிற நெலமையில இல்லீங்களே."

ஆக, உயிரோடு இருப்பவருக்கு வாரிசுச் சான்று, போய்ச் சேர்ந்தவருக்குப் பயிர்க் காப்பீடு. ஒரே மத்தியானத்தில் எமனின் வேலையை இரண்டு பக்கமும் கெடுத்திருந்தேன்.

வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்தேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பெண். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சிரித்து ஓய்ந்துவிட்டு, சட்டென்று அதிகாரியாகிவிட்டார்.

"என் லாகினுக்கு வந்துட்டுதுக்கா. நேர்ல போய் விசாரிக்காம நிராகரிக்க முடியாது. அவரு உயிரோட இருக்காருன்னு நான் பாக்கணும். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சி கையெழுத்துப் போடணும்."

அடுத்த நாள் என் ஸ்கூட்டியில் வி.ஏ.ஓ.வை ஏற்றிக்கொண்டு நானே போனேன். காபி இல்லாத ஆறாவது நாள். வழியில் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் முட்டி நின்றது. வி.ஏ.ஓ. இடது பக்கம் திரும்பச் சொன்னார். நான் அதற்கு முன்னால் அவர் சொன்ன "நேரா போங்க"வைத்தான் இன்னும் செய்துகொண்டிருந்தேன். வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

மீசைக்காரர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசித் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வி.ஏ.ஓ. பதிவேட்டைத் திறந்தார்.

"ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

எழுதிக்கொண்டார். முதல் சாட்சியாகக் கோடிவீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சிக்குப் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டோம். இரண்டு பேருக்கும் வரப்பு விஷயமாகப் பல வருஷத் தகராறு என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் வந்து வாசலில் நின்று மீசைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு உயிரோட இருக்காருன்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமாங்க. நேர்லயே பாக்கறீங்கல்ல."

"பாக்கறேன். யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்கிறதுக்கு என்னய்யா இருக்கு?" என்று மீசைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இரும்மா, இவன் கையெழுத்துல நான் உசுரோட இருக்க வேணாம். செத்ததாவே எழுதிக்க."

அவர் கோபத்தில் நின்ற நிலையைப் பார்த்து வயல்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் கத்து கத்துறவன் செத்தவனா இருக்க மாட்டான்" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் மீசைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து தட்டில் காபி கொண்டுவந்தார். என்னைத் திட்டவேண்டிய முதல் ஆள் அவர்தான். இரண்டு நாளாக வந்த துக்கத்துக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். "எடுத்துக்கம்மா, மழையில வந்திருக்க" என்றார். கொன்ற வீட்டில் உட்கார்ந்துகொண்டு "நான் காபி குடிக்கிறதில்லீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக் குடித்தேன். பால் அதிகம், டிகாக்‌ஷன் சுமார்தான். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சி என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

கடைக்குத் திரும்புவதற்குள் வித்தியாசம் தெரிந்தது. ஆறு நாளாக இறுகிக் கிடந்த ஒரு மதகைத் தூக்கிவிட்டது போல. ஜெராக்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். திரும்பி உட்கார்ந்து விட்ட வரியிலிருந்து தட்டினேன். கண்ணாடிக்காரரின் விண்ணப்பத்தைப் புதிதாகப் போட்டேன். நடுவில் போன் செய்த கணவருக்கு, அவர் கேட்ட கேள்விக்கே பதில் சொன்னேன்.

அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஒரு டம்ளருக்கே இப்படியென்றால் என்று கணக்குப்போட்டு, எதிர்க்கடையில் சொல்லி அடுத்தடுத்து மூன்று குடித்தேன். ஆறு நாள் காய்ந்த உடம்பில் அது வேறு மாதிரி வேலை செய்தது. மீசைக்காரரின் காப்பீட்டைத் திருத்த உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன். சர்வே நம்பரைச் சத்தமாகப் படித்தேன். முடித்த பிறகும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இதயம் மட்டும் பிரிண்டர் வேகத்தில் அடித்தது. தலை நிமிர்ந்தபோது கடை காலியாக இருந்தது. மகளுக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்த ஒரு அம்மாள் முக்கால் மணி நேரம் நின்று, நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டாராம். டீக்கடை மாஸ்டர் சொன்னார்.

"ஒங்களுக்கு முன்னாடி கையக்கூட ஆட்டுனாங்க மேடம். நீங்க கம்ப்யூட்டரை மொறச்சுக்கிட்டே இருந்தீங்க."

அதுவரை காபி என்றால் கூடக் கூட நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். காபியே இல்லாதபோது பழைய வேலையை விட முடியவில்லை. அளவு மீறினால் கையிலிருக்கும் வேலையை விட முடியவில்லை. வாசலில் நிற்கும் அந்த அம்மாளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு சில வாரம் என்னை நானே சோதனை எலியாக வைத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம் புலி, அப்புறம் பூனை. இட்லிக்குப் பிறகு குடித்தால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. பதினோரு மணிக்கு இன்னொன்று போதும். மூன்றாவது குடித்த நாளெல்லாம் யாராவது குறுக்கே பேசினால் எரிந்து விழுந்தேன். ஆக இரண்டு. டாக்டரிடம் சொன்ன பொய்யைக் கஷ்டப்பட்டு உண்மையாக்கினேன். நெஞ்செரிச்சலும் அடங்கியது. எல்லாருக்கும் இதே அளவுதானா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் நாலு டீ குடித்துவிட்டு ஒரு வேலையிலிருந்தும் இன்னொன்றுக்கு மாறாமல் வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

ஊருக்குத்தான் இதில் கொண்டாட்டம். கொஞ்ச நாளைக்குக் காகிதத்தை என் கையில் கொடுப்பதற்கு முன்னால், "மேடம், காபி ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மீசைக்காரருக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்திலிருந்து, "இறந்ததாகக் குறிப்பிடப்பட்டவர் நேரில் உயிருடன் காணப்பட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது" என்று பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து தரச் சொன்னார். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோகிறாராம்.

பொங்கல் கழிந்து, அறுவடையெல்லாம் ஓய்ந்த ஒரு நாள் முற்பகல் அவர் மறுபடி வந்தார். பின்னால் அவர் மனைவியும் வந்தார். அந்த அம்மாள் என் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னால் பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். மீசைக்காரர் ஒரு கவரை நீட்டினார். பிரித்தால், பத்திரம். வாய்க்கால் ஓரத்து மூன்று மா நிலத்தை, கிட்டத்தட்ட ஒரு ஏக்கரை, மனைவி பெயருக்கு எழுதிப் பதிவு பண்ணியிருந்தார். பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் போட வேண்டும்.

"பசங்களுக்குத் தெரியுமாங்கய்யா?"

"தெரியும். நான்தான் சொன்னேன். செத்ததுக்கப்புறம் பெட்டியத் தேட வேணாம், இப்பவே சொல்லிடுறேன்னு."

"பெரியவன் ரெண்டு மாசமா இவருகிட்ட பேசல" என்றார் அந்த அம்மாள். "என்கிட்ட தெனம் பேசுறான்."

மீசைக்காரர் அதைக் கேட்காதவர் போல வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் தட்ட ஆரம்பித்தேன். யாரோ பான் கார்டு வந்துவிட்டதா என்று கேட்டார்கள். யாரோ ஒரே ஒரு ஜெராக்ஸ் என்றார்கள். அன்று காலை இரண்டு காபியும் கணக்காகக் குடித்திருந்தேன். எழுந்து கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலேயே தொடர்ந்திருக்க முடியும். ஆனாலும், "பத்து நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினேன். பெயர் எழுதும் கட்டத்தில் அவர் பெயர் ஏறியிருந்தது.

அவர் கிட்டே வந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் படித்தார். கடைசி எழுத்துக்கு முன்னால் விரல் நின்றது.

"இந்த ‘ள’ இல்லம்மா எனக்கு. பழத்துக்குப் போடுற ‘ழ’."

"பத்திரத்துல ‘ள’தான் போட்டிருக்குங்கம்மா. ஆதார்லயும் அப்படித்தான் இருக்கு."

"அவங்க போட்டாங்க. நான் எங்க பாத்தேன்? எங்கப்பா பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப ‘ழ’ போட்டுத்தான் எழுதினாரு."

முதலில் ஆதாரைத் திருத்த வேண்டும், அப்புறம் பத்திரத்துக்குப் பிழைதிருத்தல் ஆவணம், அதற்கப்புறம்தான் பட்டா. மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இப்படியே ‘ள’வோடு விட்டாலும் பட்டா வந்துவிடும் என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மாள் வாசலில் நின்ற மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவரோ மழைத்தண்ணீர் வற்றிய சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலையட்டும்" என்றார் அந்த அம்மாள். "நீ ‘ழ’ போடு."